டி ஆன்சாவிலிருந்து சான் ஹோசே ஸ்டேட்: ஒன்றரை வருடத்தில் பட்டம் முடியுமா?

கேள்வி: சன்னிவேலில் இருக்கிறோம். மகள் டி ஆன்சா காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, வரும் ஃபால் செமஸ்டரில் சான் ஹோசே ஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரப் போகிறாள். ஜூன் மாதத்தோடு 96 யூனிட் ஆகிவிடும். பொதுப் பாடங்களுக்கு ஐகெட்சி சான்று வாங்கிவிட்டாள். டிஸ்க்ரீட் மேத் எடுக்கவில்லை. அமெரிக்க வரலாறும் பாக்கி என்கிறாள். என் நாத்தனார் மகன் இதேபோல் மாறிப் போய் மூன்று வருடம் இழுத்தான். எங்களுக்கு அடுத்த வருடம் சின்னவனும் காலேஜ் போகிறான், இரண்டு ஃபீஸ் கட்டும் காலத்தைக் குறைக்க வேண்டும். செமஸ்டருக்கு 18 யூனிட் எடுத்து ஒன்றரை வருடத்தில் முடிக்கச் சொல்லலாமா? இந்தக் கோடையில் வரலாற்றை முடித்துவிடட்டுமா? அட்வைசரிடம் நானே பேசலாமா?
— ஒரு வாசகி

பதில்:

வணக்கம் அம்மா. ஒன்றரை வருடத்தில், அதாவது அடுத்த வருட டிசம்பரில், முடிக்க முடியும். அதற்கு 18 யூனிட் தேவையில்லை. ஆனால் இந்தக் கோடையில் வரலாறு எடுத்தால் முடியாது. டிஸ்க்ரீட் மேத் (கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடிப்படையான கணிதப் பாடம்) எடுக்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் யூனிட் கணக்கைச் சரிசெய்துகொள்வோம்.

டி ஆன்சா குவார்ட்டர் முறையில், அதாவது கோடை நீங்கலாக வருடத்துக்கு மூன்று பருவமாக நடக்கிறது, சான் ஹோசே ஸ்டேட் இரண்டு பருவம் கொண்ட செமஸ்டர் முறையில். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது மூன்றில் இரண்டு பங்கு செமஸ்டர் யூனிட். ஆக 96 யூனிட் அங்கே போனதும் 64 ஆகிவிடும். பட்டத்துக்கு 120 செமஸ்டர் யூனிட் வேண்டும், பாக்கி 56. இன்னொரு வரம்பும் உண்டு: கம்யூனிட்டி காலேஜிலிருந்து (டி ஆன்சா போன்ற இரண்டு வருடக் கல்லூரி) 70 செமஸ்டர் யூனிட் வரைதான் பட்டக் கணக்கில் சேரும். குவார்ட்டரில் அது 105. உங்கள் மகளுக்கு இன்னும் 9 குவார்ட்டர் யூனிட் இடம் இருக்கிறது. அதற்கு மேல் எடுத்தாலும் அந்தப் பாடம் முடிந்ததாக ஏற்பார்கள், யூனிட் மட்டும் ஏறாது. இந்த 9 யூனிட்டை எதற்குச் செலவு செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாத்தனார் மகன் மூன்று வருடம் இழுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் யூனிட்டாக இருக்காது. கம்ப்யூட்டர் சயின்ஸில் பாடங்கள் ஒன்றன் தோளில் ஒன்று நிற்பவை. சான் ஹோசே ஸ்டேட்டில் நடுவாசல் மாதிரி இருப்பது சி.எஸ். 146, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். அதற்குள் நுழைய டிஸ்க்ரீட் மேத் (அங்கே மேத் 42) முடிந்திருக்க வேண்டும். டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ், செக்யூரிட்டி, பெரும்பாலான விருப்பப் பாடங்கள் எல்லாம் 146க்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் எடுக்க 146, ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைன், 100டபிள்யூ என்ற எழுத்துப் பயிற்சிப் பாடம் மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

டிஸ்க்ரீட் மேத் இல்லாமல் ஆகஸ்டில் போனால் முதல் செமஸ்டர் அதற்கே போய்விடும். 146 வசந்த காலத்துக்குத் தள்ளிப்போகும், அதற்குப் பின்னால் நிற்கும் பாடங்கள் அடுத்த ஃபாலுக்கு, அவற்றையும் தாண்டி நிற்பவை அதற்கடுத்த வசந்தத்துக்கு. அதாவது 30 யூனிட் எடுக்கத் தயாராக இருந்தாலும் எடுப்பதற்குப் பாடம் இருக்காது. அதில் ஒரு பாடத்தில் சி மைனஸுக்குக் கீழே வாங்கினால் முழுதாக ஒரு செமஸ்டர் போச்சு. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்று வருடம். மாணவர் சோம்பேறி என்று வீட்டில் பேச்சு எழும். பல சமயம் ஒரே ஒரு முன்தேவைப் பாடம் தப்பிப்போனதுதான் காரணமாக இருக்கும்.

அதனால் கோடையில் டிஸ்க்ரீட் மேத். டி ஆன்சாவில் அது 5 குவார்ட்டர் யூனிட். இடம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துக் கல்லூரி எதிலாவது பார்க்கலாம். ஆனால் பணம் கட்டும் முன், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் அந்தக் கல்லூரியையும் சான் ஹோசே ஸ்டேட்டையும் தேர்ந்தெடுத்து, அந்தப் பாடம் மேத் 42க்கு ஈடாகக் காட்டப்படுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருப்பது போதாது. கோடைப் பாடம் எளிது என்றும் நினைக்க வேண்டாம். 12 வாரப் பாடத்தை 6 வாரத்தில் நடத்துவார்கள், வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து வாரம் 30 மணி நேரம் போகும். அந்த ஆறு வாரத்தில் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் மாற்றிவையுங்கள். இந்த ஒரு பாடத்துக்காக அதைச் செய்யலாம்.

மகள் டி ஆன்சாவில் ப்ரோகிராமிங்கை எந்த மொழியில் படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. சி++ வரிசையில் படித்திருந்தால் இதையும் கவனிக்க வேண்டும். 146க்கு ஜாவா தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள், வேறு மொழியில் படித்து வருபவர்களுக்காக 49ஜே என்ற தனிப் பாடமே வைத்திருக்கிறார்கள். டி ஆன்சாவில் ஒரு ஜாவா பாடமும் முடித்திருக்கிறாளா, அதைத் துறை ஏற்கிறதா என்று ஓரியண்டேஷனுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்கட்டும்.

வரலாறு பற்றி. ஐகெட்சி சான்று கையில் இருக்கும்போது இது எப்படிப் பாக்கியானது என்று குழம்பியிருப்பீர்கள். அமெரிக்க வரலாறும் அரசியல் சாசனமும் கால் ஸ்டேட் (சான் ஹோசே ஸ்டேட்டும் அடங்கிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு) பட்டத்துக்கான தனி நிபந்தனை, ஐகெட்சிக்குள் அடங்காது. ஆனால் அதற்குப் பின்னால் எந்தப் பாடமும் காத்திருக்கவில்லை. கடைசி செமஸ்டரில்கூட முடிக்கலாம். எந்த டி ஆன்சா பாடம் எந்தப் பகுதியை நிரப்பும் என்று அசிஸ்டில் தனிப் பட்டியல் இருக்கிறது. கோடை டிஸ்க்ரீட் மேத்தோடு அவள் கணக்கு 101 குவார்ட்டர் யூனிட் ஆகும். பிறகு 4 யூனிட்டில் ஒரு வரலாற்றுப் பாடம் எடுத்தால் சரியாக 105. வரம்பு நிறைந்து 70 செமஸ்டர் யூனிட் கையில் இருக்கும், பாக்கி 50. கலிஃபோர்னியா வாசிகளுக்கு டி ஆன்சாவில் குவார்ட்டர் யூனிட் 31 டாலர்தான், 4 யூனிட் 124 டாலரில் முடியும். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் டி ஆன்சாவில் ஆன்லைனில் எடுக்கத் தடையில்லை.

50 யூனிட் என்றால் மூன்று யூனிட் பாடங்கள் 17. இவற்றை இப்படி அடுக்கலாம்: முதல் ஃபாலில் 15, ஜனவரி குறும்பருவத்தில் 3, வசந்தத்தில் 15, அடுத்த கோடையில் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பாடம் ஒன்றுக்கு 3 (வரலாறும் அதே கோடையில்), கடைசி ஃபாலில் 15. மொத்தம் 51, பட்டம் 121 யூனிட்டில் முடியும்.

முதல் ஃபாலில் 146, 100டபிள்யூ, ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைன் மூன்றும் இருந்தே ஆக வேண்டும். மீதி இரண்டு இடத்தில் ஒன்றை, முடிக்கவில்லை என்றால், சி.எஸ். 47க்கு (கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அறிமுகப் பாடம்) கொடுக்கலாம். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் அதன் பின்னால்தான் நிற்கிறது. இன்னொன்று அப்பர் டிவிஷன் (மூன்றாம், நான்காம் வருட நிலை) பொதுப் பாடம். ஐகெட்சி முடித்தவர்களும் அப்பர் டிவிஷனில் 9 யூனிட் பொதுப் பாடம் படித்தாக வேண்டும், அது கம்யூனிட்டி காலேஜில் கிடைக்காது. ஜனவரி, கோடை என்ற இரண்டு சின்ன இடங்களையும் இந்தப் பொதுப் பாடங்களுக்கே ஒதுக்குங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் போன்ற பாடத்தைக் குறும்பருவத்தில் நுழைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம்.

100டபிள்யூவைப் பலரும் "எழுத்துதானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவார்கள். கடைசி செமஸ்டரில் அது இல்லாததால் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் சேர முடியாமல் நிற்பவர்கள் இவர்கள்தான்.

18 யூனிட் ஏன் வேண்டாம் என்கிறேன்? செமஸ்டர் யூனிட் ஒன்றுக்கு வகுப்பும் படிப்பும் சேர்த்து வாரம் மூன்று மணி நேரம். 15 யூனிட் 45 மணி நேரம், 18 யூனிட் 54. வாரம் 20 மணி நேரம் வேலையும் பார்த்தால் 74. மாற்றிப்போன முதல் செமஸ்டரில் இது எங்கே உடையும் என்றால் 146இல்தான் உடையும், அதுதான் அவ்வளவு நேரம் கேட்கும் பாடம். ஒரு பாடத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு செமஸ்டரை இழப்பது இப்படித்தான். அதோடு, தோற்ற பாடத்தைத் திரும்ப எடுப்பவர்களுக்கு நெரிசலான துறையில் இடம் எளிதில் கிடைக்காது. ஜனவரியில் முதல் மதிப்பெண்கள் வந்த பிறகு மூன்று செமஸ்டரா நான்கா என்று முடிவு செய்யுங்கள். 146இல் பி வாங்கியிருந்தால் திட்டம் ஓடும். தட்டுத்தடுமாறி சி வாங்கியிருந்தால் நான்காவது செமஸ்டரைச் சேர்த்துக்கொண்டு 12, 13 யூனிட்டாகப் பிரித்துவிடுங்கள். அது தோல்வி இல்லை.

பணம். கால் ஸ்டேட்டில் 6 யூனிட்டைத் தாண்டினால் ட்யூஷன் ஒரே தொகை, 12 எடுத்தாலும் 16 எடுத்தாலும் மாறாது. 2025-26இல் அது வருடத்துக்கு 6,450 டாலராக இருந்தது, வளாகக் கட்டணங்கள் தனி. அந்தக் கணக்கில் ஒரு செமஸ்டரைக் குறைத்தால் ட்யூஷனில் மிச்சமாவது சுமார் 3,225 டாலர். ஜனவரி, கோடைப் பாடங்களுக்கு யூனிட் கணக்கில் தனியாகக் கட்ட வேண்டும் என்பதால் அதில் ஒரு பகுதி அங்கே போய்விடும். நீங்கள் நினைத்த அளவு லாபம் இதில் இல்லை. வீட்டிலிருந்தே போய்வந்தால் இன்னும் குறைவு. மாறாக, நான்காவது செமஸ்டர் தேவைப்பட்டு அதில் 6 யூனிட்டோ குறைவோதான் பாக்கி என்றால் குறைந்த ட்யூஷன்தான் வாங்குவார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் படித்தால் அரசு உதவி கூடும் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருக்கலாம். ஃபாஃப்சா (மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பம்) கணக்கில் அப்படி இருந்தது உண்மை. 2024-25இலிருந்து அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். மகளுக்கு பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை வருகிறது என்றால், கோடையில் குறைந்தது 6 யூனிட் எடுத்தால் கூடுதல் பெல் கிடைக்க வாய்ப்பு உண்டு. உதவித்தொகை அலுவலகத்தில் ஏப்ரலிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

காசை விடப் பெரிய செலவு ஒன்று உங்கள் கடிதத்தில் வரவில்லை: இன்டர்ன்ஷிப். டிசம்பரில் முடிப்பவளுக்கு நடுவில் ஒரே ஒரு கோடைதான். அந்தக் கோடையில் மூன்று பாடம் திணித்தால் பட்டம் சீக்கிரம் வரும், ரெஸ்யூமே வெறுமையாக இருக்கும். அதனால்தான் மேலே கோடைக்கு இரண்டு சின்னப் பாடம் மட்டும் வைத்தேன். அவையும் நேரம் குறிக்காத ஆன்லைன் பாடங்களாக இருக்கட்டும். பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்கத் தொடங்கிவிடும், அதாவது மகள் புது வளாகத்தில் வகுப்பறை தேடிக்கொண்டிருக்கும் வாரங்களில். ரெஸ்யூமேயை ஜூலையிலேயே தயார் செய்துவிடச் சொல்லுங்கள்.

இனி, திட்டம் சரியாக இருந்தும் காகிதத்தால் கெடும் இடங்கள். டி ஆன்சாவின் வசந்த குவார்ட்டர் ஜூன் கடைசியில்தான் முடியும், ஓரியண்டேஷனும் பதிவும் அதே சமயத்தில் வந்துவிடும். கணினியில் அவள் முடித்த முன்தேவைப் பாடங்கள் தெரியாது, 146இல் பதிய விடாது. பயப்பட வேண்டாம். டி ஆன்சாவில் தற்போது பதிந்திருப்பதற்கான சான்றையும் அதிகாரபூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்டையும் துறைக்கு அனுப்பி அனுமதி கேட்கலாம், பல துறைகளில் அதற்கு ஒரு படிவம் இருக்கும். கோடை டிஸ்க்ரீட் மேத்துக்கும் இதே வழிதான். கிரேடு ஏறியதும் இறுதி டிரான்ஸ்கிரிப்டை அனுப்ப வேண்டும், ஜூனில் ஒன்று, கோடை முடிந்ததும் இன்னொன்று. முதலாவதற்குக் கெடு ஜூலை நடுவில் வரும். தவறினால் சேர்க்கையையே ரத்து செய்யலாம். அனுப்பும்போது ஐகெட்சி முழுச் சான்றையும் சேர்த்து அனுப்பும்படி டி ஆன்சாவிடம் தனியாகக் கேட்க வேண்டும், தானாகப் போகாது. சான்று போகாவிட்டால் பொதுப் பாடங்களை ஒவ்வொன்றாக மதிப்பிடுவார்கள், முடித்ததாக நினைத்த ஒன்று பாக்கியாக முளைக்கும்.

ஹைஸ்கூலில் ஏ.பி. (கல்லூரி நிலைப் பாடத்துக்கான) தேர்வு எழுதியிருந்தால் அந்த மதிப்பெண் டி ஆன்சா டிரான்ஸ்கிரிப்ட் வழியாகப் போகும் என்று நம்ப வேண்டாம். அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேராக சான் ஹோசே ஸ்டேட்டுக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். ஏ.பி. கால்குலஸை வைத்து டி ஆன்சாவில் மேல் கணிதத்துக்குத் தாவியவர்கள், புது இடத்தில் முதல் கால்குலஸே இல்லை என்ற செய்தியைப் பார்ப்பது இதனால்தான்.

எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு மைப்ராக்ரஸ் என்ற டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டியல்) வரிவரியாகப் பார்க்கட்டும். டி ஆன்சா பாடம் ஏதாவது வெறும் விருப்பப் பாடமாக விழுந்திருந்தால் அப்போதே சிலபஸோடு மனுக் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டு வருடத்துச் சிலபஸ்களையும் டி ஆன்சா கணக்கு மூடும் முன் இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கால் ஸ்டேட் விதிப்படி இடைவெளி இல்லாமல் படித்து வந்தவர் டி ஆன்சாவில் சேர்ந்த வருடத்துப் பாட விதிகளையோ, பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடத்து விதிகளையோ, பட்டம் வாங்கும் வருடத்து விதிகளையோ தேர்ந்தெடுக்கலாம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில சமயம் ஒரு பாடம் குறையும்.

அட்வைசரிடம் நீங்கள் பேசலாமா? பேசினாலும் பதில் வராது. 1974இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மாணவரின் கல்விப் பதிவுகள் மாணவருக்கே உரியவை. ஃபீஸ் கட்டுவது நீங்கள்தான் என்பதால் அது மாறாது. மகள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சொல்லலாம், ஆனாலும் அவளே போவதுதான் வேலை ஆகும் வழி. போகும்போது "எனக்கு என்ன பாக்கி?" என்று கேட்காமல், மேலே சொன்ன மூன்று செமஸ்டர் அட்டவணையைத் தாளில் எழுதி எடுத்துப்போய் "இதில் எந்தப் பாடம் அந்தச் செமஸ்டரில் நடக்காது?" என்று கேட்கட்டும். எல்லா விருப்பப் பாடமும் ஒவ்வொரு செமஸ்டரும் நடப்பதில்லை. முந்தைய இரண்டு வருட வகுப்பு அட்டவணையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

உங்கள் மகளுக்குப் பொருந்துமா தெரியாது, எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருக்கும் மாணவர்களின் பெற்றோருக்காக ஒரு வார்த்தை. ஃபால், வசந்த செமஸ்டர்களில் முழுநேரக் கணக்கான 12 யூனிட்டுக்குள் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் சேர்க்கலாம். முன்னதாகவே முடிப்பதாக இருந்தால் கல்லூரி தரும் ஐ-20 சான்றில் முடிவுத் தேதி மாற வேண்டும், படிப்புக்குப் பின் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. விண்ணப்பம் அந்தத் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். டிசம்பரில் முடிப்பவர் செப்டம்பரிலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும்.

டிசம்பர் பட்டத்துக்கான விண்ணப்பம் தனி, யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள். மகள் அதை வசந்த செமஸ்டர் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் பட்டப் பிரிவினர் அவள் கோப்பைப் பார்த்து என்ன குறைகிறது என்று எழுதி அனுப்புவார்கள். குறையை நிரப்ப அப்போது இன்னும் ஒரு கோடையும் ஒரு ஃபாலும் கையில் இருக்கும்.